இஸ்லாமிய இயக்கங்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எகிப்தின் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். தொழிற்சங்கங்களையும் மாணவர் போராட்டங்களையும் ஆராயும் சமூகவியலைக் கொண்டே மத இயக்கங்களையும் புரிந்துகொள்ளலாம் என்றீர்கள். வறுமையும் மதப்பற்றும் போதாதா, இதற்கு? இப்படி விளக்குவது அவர்களை நியாயப்படுத்துவதாகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வறுமையும் மதப்பற்றும் எகிப்தில் என்றும் இருந்தவை. இயக்கமோ ஏறி இறங்கி வந்திருக்கிறது. மாறாத ஒன்றைக் காட்டி மாறுவதை எப்படி விளக்குவது?

1928-ல் இஸ்மாயிலியாவில் ஹஸன் அல்-பன்னா என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கியது அந்த அமைப்பு. 1954-ல் எகிப்தின் ஆட்சியாளர் நாசர் அதை நசுக்கினார். எழுபதுகளில் அடுத்த அதிபர் சதாத், இடதுசாரிகளுக்கு எதிராக இருக்கட்டும் என்று அந்த அமைப்பினரைச் சிறையிலிருந்து விட்டார். அதன்பின் வேகமாக வளர்ந்தது பல்கலைக்கழகங்களில்தான், அதிலும் மருத்துவ, பொறியியல் மாணவர்களிடையே. நாசர் காலத்தில் பட்டதாரிக்கு அரசு வேலை உறுதி. எண்பதுகளில் அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. வகுப்பறையில் உட்கார இடமில்லை, பாடநூல் வாங்கப் பணமில்லை. இஸ்லாமிய மாணவர் குழுக்கள் பாடக்குறிப்புகளை மலிவாக அச்சிட்டுக் கொடுத்தன. பேருந்து நெரிசலில் அவதிப்பட்ட மாணவிகளுக்குத் தனி வண்டிகள் விட்டன. ஒரு பெண் நிம்மதியாகக் கல்லூரி போய்வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

அந்தத் தலைமுறைதான் பின்னர் மருத்துவர் சங்கம், பொறியாளர் சங்கம், 1992-ல் வழக்கறிஞர் சங்கம் எனத் தேர்தலில் வென்றது. அவர்களுக்குக் கட்சி நடத்த அனுமதி இல்லை, சங்கத்தில் இடமிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 12-ல் கெய்ரோவை நிலநடுக்கம் உலுக்கியது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அரசு வந்து சேருமுன் இந்தச் சங்கத்தார் கூடாரம் அடித்து மருந்தும் போர்வையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்சியாளர்கள் மிரண்டுபோய், அனுமதியின்றி நிவாரண நிதி திரட்டுவதற்குத் தடை போட்டார்கள்.

நம்பிக்கைக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. வேலையில்லாததைத் தன் துரதிர்ஷ்டமாக எண்ணி முடங்கிக் கிடந்தவனிடம், இது ஆட்சியின் அநீதி, இதைத் திருத்துவது தொழுகையைப் போலவே உன் மார்க்கக் கடமை என்றார்கள். பயத்தை மீறி அவனை வெளியே வரவைத்தது அந்தச் சொல். ஆனால் சொல்ல ஆளும், கூட இடமும், அதற்கேற்ற காலமும் வேண்டியிருந்தது.

நியாயப்படுத்துவது பற்றிக் கேட்டீர்கள். அல்ஜீரியாவில் 1991 டிசம்பரில் இஸ்லாமிய மீட்பு முன்னணி என்ற கட்சி முதல் சுற்றுத் தேர்தலில் 188 இடங்களை வென்றது. ஜனவரியில் ராணுவம் தேர்தலையே ரத்து செய்து, ஆயிரக்கணக்கானோரைச் சகாராப் பாலைவன முகாம்களில் அடைத்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. 1997-ல் அங்கே பெந்தல்ஹா என்ற ஊரில் குழந்தைகளையும் விட்டுவைக்காமல் கொன்றவர்களை எந்த விளக்கத்தாலும் நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் வாக்குச்சாவடியில் வரிசையில் நின்ற லட்சக்கணக்கானவர்களை அந்தக் கொலைகாரர்களோடு சேர்த்து ஒரே கும்பலாக எண்ணவும் என்னால் முடியாது.

அன்புடன்