யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையத்தால் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எழுபது வயதான அம்மாவைக் கண் வைத்தியத்துக்குச் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவவுக்கு முழங்கால் வருத்தமும் இருக்கிறது. கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமானநிலையத்தால் போவதே நல்லது என்கிறார் அண்ணா. பலாலியால் போகலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தாராளமாகப் போகலாம், தங்கச்சி. கட்டுநாயக்கா என்றால் இரவிரவாக பஸ்ஸில் மடங்கியிருந்து, விடிய இறங்கி, பிறகும் விமானநிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முழங்கால் வருத்தக்காரருக்கு அது பெரிய தண்டனை. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பு ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பலாலிக்கு வருவது ஏடிஆர்-72 என்ற, காற்றாடி வைத்த விமானம். ஆட்கள் ஏறும் கதவு அதில் பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கக் கதவு பொதிகளுக்கு. ஆகவே பின்வரிசையில் இடம் கேட்டு வாங்குங்கள். சக்கர நாற்காலி தேவை என்பதையும் டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள். அம்மாவுக்கு மருத்துவ விசா, உங்களுக்குத் துணையாளர் விசா என்று இரண்டு வகை உண்டு. ஆஸ்பத்திரிக் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

இந்த விமானத்தின் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரை மறையாது. திரும்பி வரும்போது அம்மாவை ஜன்னலோரம் இருத்துங்கள். கரையைத் தாண்டியதும் செம்மண் தோட்டங்கள் பாத்தி பாத்தியாகத் தெரியும். வெங்காயத் தறைக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவில் பனைகள் வரிசையாக நிற்கும். எனக்கு அந்த இடம் வந்தால் இன்றும் கண் கலங்கும்.

கேள்வி: பலாலிக்குச் சர்வதேச விமானநிலையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஜெட் கூட வருவதில்லை. இதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?
– வாசகர், கொக்குவில்

பதில்: குடிவரவும் சுங்கமும் இருந்து, வெளிநாட்டுக்கு நேரே பறக்க முடிந்தால் அது சர்வதேச விமானநிலையம்தான். அளவைப் பார்த்து அந்தப் பெயர் வருவதில்லை.

பலாலி புதிதாக முளைத்ததும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோன் தன் முதல் பறப்பைத் தொடங்கியபோது, அந்த டகோட்டா விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, அப்புறம்தான் மெட்ராசுக்குப் போனது. இந்த நாட்டின் விமானசேவை பிறந்த நாளிலேயே நம் ஊர் அதில் இருந்தது. என் பெரியப்பா கல்யாணக்கூறை எடுக்க மெட்ராசுக்குப் பறந்து போய் வந்தவர். அவர் அதை ஒரு பெரிய சங்கதியாகவே சொல்லமாட்டார். பக்கத்துக் கரைக்குப் போய் வந்தேன் என்கிற மாதிரித்தான் சொல்லுவார்.

யுத்தம் வந்து எல்லாம் அறுந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி பூட்டிக் கிடந்த காலங்களில் கொழும்புக்குப் போக பலாலிதான் வாசல். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். 1998 செப்டம்பர் 29இல் இங்கிருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் போனார்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன.

சென்னையிலிருந்து மறுபடி ஒரு விமானம் வந்து இறங்கியது 2019 அக்டோபர் 17இல். சில மாதங்களில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து தொடங்கி, 2025 மார்ச் கடைசியில் திருச்சியையும் சேர்த்துக்கொண்டது. இத்தனை தடவை அறுந்தும் திரும்பப் பொருந்திய வழி என்பதால்தான் கொண்டாடுகிறேன்.

ஜெட்டுக்கு வருவோம். பெரிய ஜெட் வர நீளமான, பலமான ஓடுபாதை வேண்டும். ஓடுபாதையை நீட்ட நிலம் வேண்டும். அந்த நிலம் யாருடையது? 1990இல் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறைச் சனங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். அவர்களின் காணிகள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. துண்டுதுண்டாகக் கொஞ்சம் விட்டார்கள்; இன்னும் விடாத காணியும் இருக்கிறது. காணி உறுதிப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்று தன் வளவுக் கிணறு எந்தப் பக்கம் என்று பேரனுக்குக் கை காட்டிய ஒரு ஐயாவை மயிலிட்டிப் பக்கம் கண்டேன். முதலில் அவருக்குப் பதில் சொல்லட்டும். காணிக்காரரைக் கேட்காமல், ஈடு கொடுக்காமல் நீட்டும் ஓடுபாதை எனக்கு வேண்டாம். திருச்சிக்கும் சென்னைக்கும் ஏடிஆர் போதும். தினமும் ஒழுங்காக வந்தால் அது பெரிய சேவை.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து கொழும்பைத் தொடாமல் யாழ்ப்பாணம் வரலாமா?
– வாசகர், கனடா

பதில்: நேரே முடியாது. சென்னையில் மாறி வரலாம். இரண்டு பயணத்தையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், சென்னையில் குடிவரவைத் தாண்டிப் பொதியை எடுத்துத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா கையில் இருக்க வேண்டும். ஒரே டிக்கெட்டாகக் கிடைக்குமா என்று முகவரிடம் முதலே கேளுங்கள்.

கேள்வி: நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறதே. எதில் போவது?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் அமைதியான மாதங்களில் நாலு மணித்தியாலப் பயணம். வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ போகிறவர்களுக்கு இதைவிடக் கிட்டிய வழி இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மட்டும் கப்பலை நம்பிக் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ நாள் குறிக்காதீர்கள். அந்த மாதங்களில் விமானத்துக்கே டிக்கெட் போடுங்கள்.