வாசகர் கேள்விகள்: ஆய்வகத்தில் உப்பு

கேள்வி: ஆய்வகக் கையேட்டில் உள்ளபடி 10 மி.லி. கடல்நீர் எடுத்து, 0.02 நார்மல் செறிவுள்ள சில்வர் நைட்ரேட்டால் குளோரைடு அளவு பார்க்கிறோம். 50 மி.லி. ப்யூரெட்டை (அளவுக் கோடிட்ட குழாயை) இரண்டு முறை நிரப்பியும், குளோரைடு தீர்ந்ததைக் காட்டும் செங்கல் நிறம் வரவில்லை. ரசாயனம் கெட்டுவிட்டதா?
– வேதியியல் மாணவி, மண்டபம்

பதில்: ரசாயனத்தின் மேல் குற்றமில்லை. அந்த அளவு கிணற்று நீருக்கானது. கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராமுக்கும் மேல் குளோரைடு உண்டு. உங்கள் 10 மி.லி.க்கு ஏறக்குறைய 275 மி.லி., அதாவது ஐந்தரை ப்யூரெட் வேண்டும். விலை உயர்ந்த சில்வர் நைட்ரேட்டை இப்படிக் கொட்டக் கூடாது.

10 மி.லி. கடல்நீரை 100 மி.லி. குடுவையில் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பிக் குலுக்குங்கள். அதில் 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, நிறம் காட்டுவதற்கு 5 சதவீத பொட்டாசியம் குரோமேட் 1 மி.லி. சேருங்கள். சில்வர் நைட்ரேட் 0.05 நார்மலாக இருக்கட்டும்; லிட்டருக்கு 8.5 கிராம். 22 மி.லி. அருகே நிறம் மாறும். அந்த அளவை 0.05, 35.45 இரண்டாலும் பெருக்கி 2-ஆல் (எடுத்த 20 மி.லி.யில் உள்ள கடல்நீர் 2 மி.லி.தான்) வகுத்தால், லிட்டருக்கு எத்தனை கிராம் குளோரைடு என்று தெரியும். முடிவு நெருங்கும்போது நன்றாகக் குலுக்குங்கள். அடியில் படியும் வெள்ளைத் திடப்பொருள் (வீழ்படிவு) தயிர்போல் திரண்டு கொஞ்சம் குளோரைடைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். குலுக்காவிட்டால் நிறம் முந்தி வந்துவிடும்.

நம் கடற்கரையில் பெரும்பாலும் பிழை நுழைவது தண்ணீரில்தான். வடிகலத்துக்குப் போவதே உப்பு நீர். கொதி அதிகமானால் நுரையோடு உப்பும் அந்தப் பக்கம் தாண்டிவிடும். வடித்த நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால்போல் கலங்கினால் அந்த நீர் உதவாது. கூம்புக் குடுவையையும் கடைசியில் வடித்த நீரால் மட்டுமே அலசுங்கள், கடல்நீரால் அல்ல.

முறை கைவந்த பிறகு, கார்த்திகை மார்கழியில் ஒரே நாளில் ஊரின் வடகரையில் பாக் விரிகுடா நீரும் தென்கரையில் மன்னார் வளைகுடா நீரும் எடுத்து ஒப்பிடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் பாக் நீரிணை வழியே இறங்குவதால் வேறுபாடு தெரியக்கூடும். மண்டபத்து மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. கழிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்: குரோமேட் நஞ்சு, வெள்ளியும் கடல் உயிர்களுக்கு ஆகாது. மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: மைக்ரோஸ்கோப் லென்சில் சிலந்திவலைபோல் படர்கிறது. துடைத்தும் போகவில்லை.
– ஆய்வக உதவியாளர், கீழக்கரை

பதில்: அது பூஞ்சை. ஈரக் கடற்காற்றில் மூடி வைத்தாலே வந்துவிடும். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள். உப்புத் துகளோடு துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு லென்ஸ் தாளில் ஈதர் 7 பங்கு, ஆல்கஹால் 3 பங்கு கலவையைத் தொட்டு, நடுவிலிருந்து சுழற்றித் துடையுங்கள். பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல வகை இளஞ்சிவப்பானதும் 110 டிகிரி சூட்டில் ஆய்வக அடுப்பில் (ஓவனில்) இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். வலை உள் லென்சில் இருந்தால் நீங்களே பிரிக்காதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்வரை அதை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.