பாப்பாவின் ரிப்போர்ட்டில் இருப்பது புற்றுநோய் மரபணுவா, டாக்டர்?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகளுக்கு 7 மாதம். பிறந்ததிலிருந்தே கை கால் குட்டை, தலை பெரிது. மதுரையில் எக்ஸ்ரே பார்த்து அகோண்ட்ரோபிளாசியா என்றார்கள். ரத்தப் பரிசோதனையிலும் அதுவே வந்தது. ரிப்போர்ட்டில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்று ஒரு மரபணுவின் பெயர் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் பயோடெக் படிக்கும் என் மச்சினன், அது சிறுநீர்ப்பைப் புற்றில் வருகிற மரபணு என்கிறான். ரத்தம் எடுக்க வந்த லேப் ஆளோ, "குடும்பத்தில் நாலு பேருக்கும் புற்றுநோய் மரபணு டெஸ்ட் எடுத்துவிடுங்கள், 60,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன்" என்கிறார். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று வீட்டில் பேச்சு வேறு. பாப்பாவுக்குப் புற்றுநோய் வருமா?

பதில்: இந்த மரபணு மாற்றம் இருப்பதால் உங்கள் மகளுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிடக் கூடிவிடாது. அந்த 60,000 ரூபாயை அப்படியே வைத்திருங்கள். அதற்கு வேறு உருப்படியான செலவு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மச்சினன் சொல்வது பொய்யில்லை, பாதிதான் படித்திருக்கிறார். பள்ளிக்கூடத்து மணியை நினைத்துப் பாருங்கள். காலையில் அடித்தால் பிள்ளைகள் உள்ளே ஓடுவார்கள், சாயங்காலம் அடித்தால் வெளியே ஓடுவார்கள். மணி ஒன்றுதான். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் மரபணுவும் செல்லின் மேற்பரப்பில் இப்படி ஒரு மணியைச் செய்து வைக்கிறது. கை கால் எலும்புகளின் முனையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அங்கே இந்த மணி அடித்தால் 'போதும், பெருகாதே' என்று பொருள். அளவோடு அடித்தால் எலும்பு அளவோடு வளரும். மரபணு என்பது நீளமாக எழுதி வைத்த ஒரு குறிப்பு மாதிரி. உங்கள் மகளுக்கு அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் சுவிட்ச் சிக்கிக்கொண்டு மணி ஓயாமல் அடிக்கிறது, எலும்பு நீளம் குறைகிறது. இந்த நோய்க்குக் காரணம் இந்த மரபணுதான் என்று 1994லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தக் குறை உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் மாறியிருப்பது அதே இடத்து அதே எழுத்து.

சிறுநீர்ப்பையின் உள்தோலில் அதே மணிக்கு அர்த்தம் நேர்மாறு, 'பெருகு' என்பது. ஆனால் அங்கே வரும் புற்றில் இந்த மாற்றம் பிறவியிலேயே வந்ததல்ல. வயதான பிறகு, அந்த ஓரிடத்துச் செல்லில் புதிதாக உண்டாவது. அதுவும் பெரும்பாலும் மரபணுவின் வேறோர் இடத்தில். "அப்படியானால் பாப்பாவின் சிறுநீர்ப்பையிலும் மணி சிக்கித்தானே இருக்கும்?" என்று மச்சினன் கேட்பார். நல்ல கேள்விதான். பாப்பாவுக்கு இருக்கும் மாற்றத்தில் மணி ஓயாமல் அடித்தாலும் சத்தம் மெல்லியதுதான். அது மட்டும் புற்றை உண்டாக்கப் போதாது, கூடவே வேறு பல கோளாறுகளும் சேர வேண்டும். இந்தக் குறையோடு வளர்ந்த பெரியவர்களைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். புற்றுநோய் கூடுதலாகத் தெரியவில்லை.

சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் குழந்தைகளில் 10 பேரில் 8 பேருக்குப் பெற்றோர் இருவருமே சராசரி உயரம்தான். அப்பாவின் விந்தணுவில் தற்செயலாக நேர்ந்த எழுத்துப் பிழை அது. அப்பாவுக்கு வயது கூடக் கூட வாய்ப்புக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வீட்டில் யாராவது மருமகளைப் பார்த்துப் பேசினால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

இப்போது அந்த லேப் ஆளிடம் வருகிறேன். ஐஸ் பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து, ஆங்கிலத்தில் இருக்கும் ஒப்புதல் படிவத்தை வண்டி சீட்டிலேயே வைத்துக் கையெழுத்து வாங்கிப் போகிறவர்களை மாதம் தவறாமல் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒவ்வொரு டெஸ்டுக்கும் கமிஷன். உங்கள் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய பரிசோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இன்னும் நூறு மரபணுவைத் தேடினால் 'பொருள் தெரியாத மாற்றம்' என்று ஏதாவது ஒரு வரி வரும். அதை வைத்துக்கொண்டு நாலு வருஷம் தூக்கம் கெடும். நானே அப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளை ஒரு பை நிறையப் பார்த்து, 'இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆட்களைக் கேள்வி கேட்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து உயரம் கூட்டும் ஊசி, பொடி, ஸ்டெம் செல் என்று யாராவது வருவார்கள். ஸ்டெம் செல்லைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட சில ரத்த நோய்கள் போன்றவை போக, மற்றதெல்லாம் பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டும்தான், அதற்கு நோயாளியிடம் காசும் வாங்கக்கூடாது. 'ஆய்வு' என்று சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான மருந்தும் இருக்கிறது. வோசோரிடைட் என்ற தினசரி ஊசிக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2021இல் அனுமதி கிடைத்தது. மணியை நிறுத்தாமல், அதன் சத்தம் செல்லுக்குள் போகும் வழியைத் தணிக்கிறது. ஆய்வில் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். அங்கே அதன் விலை நம் பணத்தில் ஆண்டுக்குக் கோடியைத் தாண்டுகிறது. இன்ஃபிக்ராட்டினிப் என்ற மாத்திரை பித்தநாளப் புற்றுக்காக வந்தது. அதையே மிகச் சிறிய அளவில் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். புற்றுக்கும் எலும்புக்கும் உள்ள இந்த உறவை நல்ல விதமாகப் பயன்படுத்துவது என்றால் இதுதான். ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாராவது புற்றுநோய் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னால் வேண்டவே வேண்டாம். புற்றுக்குக் கொடுக்கும் அளவில் இந்த வகை மருந்துகள் ரத்தத்தில் பாஸ்பேட்டை ஏற்றும், கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும்.

சரி, புற்றுநோய் பயத்தை இறக்கி வைத்துவிட்டீர்கள் என்றால், உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மதுரையில் சொல்லியிருந்தாலும் பத்து நிமிட ஓ.பி.யில் காதில் விழுந்திருக்காது.

தலையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கி வர ஒரு துவாரம் இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு அது சின்னதாக இருக்கும். முதல் இரண்டு வயதுக்குள், தலை கனம், கழுத்துப் பலம் போதாது என்கிற காலத்தில், தண்டுவடம் அங்கே நசுங்கலாம். மூச்சை ஓட்டும் நரம்பு மையம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அரிதாக, தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது எம்.ஆர்.ஐ.யும் தூக்கத்தில் மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனையும். 60,000 ரூபாயை எதற்கு வைத்திருக்கச் சொன்னேன் என்று இப்போது தெரியும். அரசு மருத்துவக் கல்லூரியிலும் கேளுங்கள், தேதி தள்ளிப் போனால் விடாமல் கேளுங்கள். மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் நோயின் பெயரைச் சொல்லி, கழுத்தைப் பின்னால் மடக்கக் கூடாது என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் தூளி கட்டியிருப்பீர்கள். வளவில் உத்தரத்துக் கொக்கியில் அப்பத்தாவின் பழைய நூல் சேலை, இல்லையா? அதை அவிழ்த்துவிடுங்கள். தூளிக்குள் குழந்தை வில் மாதிரி வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் முட்டும், முதுகு கூன் விழும். சமதரையில் கெட்டியான மெத்தை போதும். தலையணையை அண்டக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள், தானாக உட்காரும்போது உட்காரட்டும். மற்றப் பிள்ளைகளைவிட மாதக்கணக்கில் தாமதமாகும், பரவாயில்லை. பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் போகாதீர்கள்.

ஒரு வயதுக்குள் குலதெய்வக் கோயிலில் முடியெடுக்க நாள் பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் மடியில் வைத்து, பிள்ளை திமிறத் திமிறத் தலையைக் குனிய வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். அந்த ஒரு பிடி வேண்டாம். எம்.ஆர்.ஐ. நன்றாக இருக்கிறது என்று தெரிகிற வரை தள்ளிப் போடுங்கள். பிறகும் தலையை நேராகத் தாங்கிக்கொண்டு, நாலு இடத்தில் கத்தரியால் எடுத்தால் போதும். சாமி கோபித்துக்கொள்ளாது.

மாற்றுத்திறனாளி சான்றுக்கும் இப்போதே ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். 2016 சட்டத்தில் குள்ளத்தன்மையும் இருக்கிறது, பதிவுக்குக் கட்டணமில்லை. சட்டம் சொல்லும் 147 செ.மீ. உயர வரம்பு வளர்ந்தவர்களுக்கான அளவு என்பதால், "பிள்ளை வளர்ந்ததும் வாங்க" என்று ஓர் அலுவலகத்தில் என்னிடம் வந்த குடும்பத்தையே திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நின்ற ஆள் ஐயாயிரம் கேட்டிருக்கிறான். கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே, மரபணு ரிப்போர்ட் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவக் குழுவிடம் நேரே போங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். ராத்திரி பாப்பா நன்றாகத் தூங்கும்போது சட்டையைக் கழற்றி, நெஞ்சும் முகமும் தெரிகிற மாதிரி செல்போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள், சத்தத்தோடு. குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, தலையைப் பின்னால் வளைப்பது, தலை வியர்ப்பது, இவற்றில் எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள்.