கறுப்பு வெள்ளைப் படம் கொடுத்து வைத்தது

கேள்வி: ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, பெயின்டிங் பிரிவு. சொந்த ஊர் தஞ்சாவூர். இரண்டு மாதத்தில் பத்துப் படங்கள் கொண்ட ஒரு தொடரைக் கொடுத்தாக வேண்டும், ஒரு யோசனையும் வரவில்லை. சாரிடம் கேட்டால் "லைப்ரரியில போய் உட்காருடா" என்கிறார். போனேன். எல்லாம் பழைய புத்தகம், படங்கள் பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை, சிலதில் பக்கமே இல்லை, நல்லதெல்லாம் பூட்டிய பீரோவுக்குள். போனில் தேடினால் நிமிடத்தில் ஆயிரம் படம் கலரில் வருகிறது. ஆனால் அதைப் பார்த்து வரைந்தால் "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்கிறார்கள். லைப்ரரியில் அப்படி என்னதான் சார் இருக்கிறது? (பெயர், கல்லூரி வெளியிட வேண்டாம்.)

பதில்: தம்பி, சும்மா போய் உட்கார்ந்து பக்கம் புரட்டினால் லைப்ரரியிலும் ஒன்றும் வராது. தூக்கம் வரும், அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனால் நிச்சயம் வரும். உங்கள் சார் சொன்னது சரிதான், பாதியோடு நிறுத்திவிட்டார். போய் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்கிறேன். காப்பி அடியுங்கள்.

காப்பியேதான். ஆனால் ஒரே ஒரு படத்தை, பென்சிலால், மூன்று நாள். போனில் நீங்கள் செய்தது வேறு, ஐம்பது படத்தைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் மனதில் எது ஒட்டியிருந்ததோ அதை வரைந்தீர்கள், எல்லோர் மனதிலும் அதேதான் ஒட்டியிருக்கும், பார்க்கிறவர்களுக்குப் பழகின முகமாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன? ஒரு படத்தை அளவு பிசகாமல் எடுத்து வரைய உட்கார்ந்தால் முதல் நாள் கை வலிக்கும், எரிச்சல் வரும். இரண்டாம் நாள்தான் அந்த ஓவியர் எங்கே அவசரப்பட்டார், வரைய வராத கையை எப்படி முந்தானைக்குள் ஒளித்தார் என்பதெல்லாம் கண்ணில் படும். உங்களுக்கு என்று ஒரு கேள்வி அங்கேதான் கிளம்பும். நானாக இருந்தால் அந்தக் கையை எங்கே வைத்திருப்பேன் என்று.

உங்கள் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை ஓவியர் கோபுலு தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். 1940களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் ஓவியராக இருந்த மாலி அவருக்குக் கொடுத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று, திருவையாற்றில் தியாகராஜர் பூஜித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து கொண்டுவருவது. அதாவது, காப்பி. அதன் பிறகு அவர் இழுத்த கோட்டை யாரும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று சொன்னதில்லை.

சரி, எந்தப் படத்தை எடுப்பது? நீங்கள் புகாராக எழுதியிருப்பதெல்லாம் எனக்குச் சிபாரிசாகத் தெரிகிறது. கறுப்பு வெள்ளை என்று சலித்துக்கொண்டீர்கள். அந்தப் படத்தில் பெண்ணின் சேலை என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், முடிவு செய்த நிமிடமே அந்தப் படத்தில் பாதி உங்களுடையது. போன் உங்களுக்கு எல்லாவற்றையும் முடித்துக் கையில் கொடுக்கிறது. நீங்கள் செய்ய அதில் வேலையே மிச்சமில்லை.

என் கதை ஒன்று. நான் படித்த இடத்தின் லைப்ரரியில் (எந்த இடம் என்பது வேண்டாம்) தடிமனான ஒரு ஓவியப் புத்தகம் இருந்தது. அந்தக் காலத்துப் புத்தகங்கள் சிலவற்றில் கலர்ப் படங்களைத் தனியாக அச்சடித்து, மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவிப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள், மேலே ஒரு மெல்லிய தாள் மூடியிருக்கும். மேலே மட்டும் ஒட்டியிருப்பதால் உருவுவது சுலபம். யாரோ உருவியிருந்தார்கள், ஏழு இடத்தில். பக்கம் முழுக்கப் பழுத்துப்போயிருக்க, படம் இருந்த இடம் மட்டும் வெளிறிய செவ்வகமாக நின்றது, மேலே பசைக் கறை, கீழே தலைப்பு: கிணற்றடியில் பெண். எந்தப் பெண், எந்தக் கிணறு? மூடியிருந்த மெல்லிய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், படத்தின் மை லேசாகப் பதிந்து தோள் மாதிரி ஒரு வளைவு தெரிந்தது. அவ்வளவுதான். நான் என்னமோ பெரிய ஞானத்தோடு செய்யவில்லை, வேறு வழியில்லாமல், அந்த ஏழு தலைப்புக்கும் ஏழு படம் வரைந்தேன். அதே அளவு, அதே செவ்வகம். கண்காட்சியில் வைத்தபோது லைப்ரரி அம்மா வந்து ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டு, "இதுல எதையாவது எடுத்து அங்க ஒட்டிடலாமா?" என்று கேட்டார். ஒன்றைக் கொடுத்தேன். அதையும் யாரும் உருவியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

துணி பக்கம் நாட்டம் இருந்தால் இன்னொன்று சொல்கிறேன். ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் 1866இல் இந்தியத் துணிகளைத் தொகுத்து 18 தொகுதிகள் போட்டார். படம் கிடையாது, நிஜத் துணியையே கத்தரித்து ஒட்டிய 700 மாதிரிகள். அப்படி 20 செட், அதில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. எதற்கு இவ்வளவு மெனக்கெட்டார்கள்? இங்கே ஜனங்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று அங்கே இருக்கும் ஆலைக்காரர்கள் பார்த்து, அதே மாதிரி நெய்து நமக்கே விற்பதற்கு. காப்பியில் அது ஒரு வகை, மகா கெட்ட வகை. ஆனால் இன்று அந்தத் துண்டுகளின் படத்தை நீங்கள் பார்த்தால் (ஒரு செட்டை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள்) முழுச் சேலையில் ஒரு துண்டுதான் கண்ணுக்குத் தெரியும். மிச்ச உடம்பையும் முந்தானையையும் நீங்கள் இழுத்து முடிக்க வேண்டும்.

பீரோ பூட்டியிருக்கிறது என்றீர்கள். கேட்டீர்களா? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அது பூட்டியே கிடக்கிறது. "உள்ளே ஏதாவது காட்டுங்க" என்று கேட்டால் காரியம் நடக்காது. அக்செஷன் ரிஜிஸ்டரை (லைப்ரரிக்கு வந்த புத்தகங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் நோட்டு) பார்க்க அனுமதி கேளுங்கள், அதில் எண்ணும் பெயரும் இருக்கும், இரண்டைக் குறித்துக்கொண்டு போய் இந்த இரண்டு வேண்டும், இங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு போங்கள், அதைப் பார்த்தாலே அவர்களுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். கை கழுவித் துடைத்துக்கொண்டு போங்கள். அப்புறம், ஓவியம் என்று எழுதியிருக்கும் அலமாரியோடு நின்றுவிட வேண்டாம். பழைய பத்திரிகை பைண்டு வால்யூம், உடற்கூறு, பறவை, தேசப்படம், இங்கெல்லாம் உங்கள் வகுப்பில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்தும் சீட்டு ஒட்டியிருக்கும் அல்லவா, அதில் இருபது வருஷமாக முத்திரை விழாத புத்தகமாகப் பார்த்து எடுங்கள்.

லீவுக்கு ஊருக்கு வருவீர்கள்தானே? தஞ்சாவூர்க்காரராக இருந்துகொண்டு லைப்ரரியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள், கொஞ்சம் கோபமே வந்தது. அரண்மனைக்குள் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை வரிசையில் கூட்டிப்போயிருப்பார்கள், நீங்களும் வெளியே ஐஸ் வாங்குவதிலேயே குறியாக இருந்திருப்பீர்கள். இப்போது போய்ப் பாருங்கள். பிரான்சில் பதினான்காம் லூயியின் அரசவை ஓவியராக இருந்த சார்ல் லெ ப்ரன் வரைந்த முகங்கள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன, மனித முகமும் விலங்கு முகமும் ஒன்றுக்கொன்று சாயலாக, மூக்கும் புருவமும் ஒத்துப்போகிற மாதிரி. அதில் ஒரே ஒரு ஜோடியை எடுத்து வரைந்துவிட்டு, வெளியே வந்து கீழவாசலில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் முகத்தைப் பாருங்கள். பத்துப் படத்துக்குப் பஞ்சம் இருக்காது.

அந்த நூலகத்தைப் பெரிதாக்கிய இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை மன்னர்) கண் வைத்தியத்தில் அக்கறை உள்ளவர். அவர் காலத்தில் கண் நோயாளிகளின் விவரம் எழுதிய தாள்களில் அந்தந்த நோயாளியின் கண்ணை வண்ணத்தில் வரைந்து வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், மாலை, கிரீடம், கொலு மண்டபம் என்று வரைந்து பழகிய ஒரு ஓவியர், முன்னே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் சிவந்து கலங்கிய ஒற்றைக் கண்ணை உற்றுப் பார்த்து வரைகிறார். முகம் கிடையாது, கண் மட்டும். கைப்பிரதிகளைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வேண்டும், அதனால் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், லீவு தொடங்குவதற்கு முன்பே. சாரிடம் கேளுங்கள், லைப்ரரிக்குத்தான் என்று சொன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

முதல் படம் முடிந்ததும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். போனில் எடுத்தது போதும்.