குடும்பத் தொழிலில் வெளியாளை மேலாளராக வைத்தால், முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கும்?

ஏதோ ஒரு குடும்ப கம்பெனியில் உங்களுக்கு ஜிஎம் (பொது மேலாளர்) வேலை வந்திருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 9 வருடம் அந்த வேலையில் இருந்தவன் நான். அதிகாரம் ராத்திரி முதலாளிகள் வீட்டில் சாப்பிட உட்காரும் இடத்தில் இருக்கும்.

திங்கட்கிழமை தோறும் மீட்டிங். முதலாளிகளான அண்ணன், தம்பி, தம்பி மகன், அப்புறம் கணக்குப்பிள்ளை, நான். ஒரு நேவி புளூ ஆர்டருக்கு வழக்கமான சாயப்பட்டறை வேண்டாம், போன இரண்டு லாட்டிலும் ஷேடு மாறிவிட்டது என்று துணித் துண்டுகளை மேஜையில் வைத்தே காட்டினேன். எல்லோரும் சரி என்றார்கள். நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். பட்டறை அண்ணனுடைய மச்சானுடையது. செவ்வாய் காலையில் போய்ப் பார்த்தால், துணி அங்கேயே போயிருக்கிறது. "ராத்திரி வீட்ல பேசுனமுங்க, இந்த ஒரு தடவ பாத்துக்கலாமுங்க" என்றார் அண்ணன்.

சாயம் போட்டு வந்ததைச் செக்கிங் டேபிளில் விரித்தோம். உடம்புத் துணி கருநீலம், கழுத்துப் பட்டியில் (ரிப்) செம்மை அடித்தது. சரக்கு வாங்குகிற பையர் பணத்தில் 8 சதவீதம் பிடித்துக்கொண்டார். அடுத்த மீட்டிங்கில் "மேனேஜர் ஃபாலோ பண்ணல" என்றான் தம்பி மகன். அண்ணன் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். மச்சான் பேரை யாரும் எடுக்கவில்லை.

முதலாளிகளைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது, வீட்டு நகையை அடகு வைத்து எங்களுக்குச் சம்பளம் போட்டவர் இதே அண்ணன்தான். பணம் அவர்களுடையது, கடைசி வார்த்தையும் அவர்களுடையதே. மாற்றுவதை என்னைக் கூப்பிட்டுச் சொல்லி மாற்றியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். டாபர் நிறுவனத்தின் பர்மன் குடும்பம் 1998-இல் அன்றாட நிர்வாகத்தை வெளியாட்களிடம் விட்டுவிட்டு இயக்குநர் குழுவோடு நின்றுகொண்டது. மனது வைத்தால் முடிகிற காரியம்தான்.

சேருமுன் இரண்டு கேளுங்கள். யாருக்கும் போன் போடாமல் எத்தனை ரூபாய்க்கு நான் கையெழுத்துப் போடலாம்? உங்கள் சொந்தக்காரர்கள் யார் யார் நமக்கு ஜாப் ஒர்க் (வெளியே கூலிக்குச் செய்து தரும் வேலை) செய்கிறார்கள்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து விலகி வேலை தேடிப் போன இடங்களில் "சொந்த ஊர் எதுங்க?" என்பார்கள். சொன்னால், "ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?" 20 வருட அனுபவத்தை எழுதிக் கையில் கொடுத்திருக்கிறேன், அது மேஜையில் கவிழ்ந்தே கிடக்கும்.