காசு எங்க ஒளிஞ்சிருக்கு?

கேள்வி: எங்க காலேஜ்ல டீம் டீமா புதிர் போட்டி நடத்தலாம்னு இருக்கோம் சார், ஆனா வெறும் குவிஸ் மாதிரி ஆயிடக்கூடாது. எப்படிப் பண்றது?

பதில்: எம்.ஐ.டி. மிஸ்டரி ஹன்ட்டைப் பாருங்க தம்பி (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்ல, அமெரிக்காவுல இருக்கறது). 1981ல பிராட் ஷாஃபர்ங்கற மாணவர் ஆரம்பிச்சது, வருஷா வருஷம் ஜனவரில நடக்குது, கேம்பஸ்ல ஒளிச்சு வெச்ச ஒரு காசைக் கண்டுபிடிக்கணும், அவ்ளோதான். ஆனா அதுக்கு முன்னாடி ஏகப்பட்ட புதிர், பலதுல என்ன பண்ணணும்னே சொல்லியிருக்க மாட்டாங்க, அதையும் நாமதான் கண்டுபிடிக்கணும்! ஒவ்வொண்ணுக்கும் விடையா பெரும்பாலும் ஒரு வார்த்தை வரும், அந்த விடைகளைச் சேர்த்தா இன்னொரு பெரிய புதிர், அதுக்குப் பேரு மெட்டா. ஜெயிச்ச டீம்தான் அடுத்த வருஷம் நடத்தணும், இது பரிசா தண்டனையான்னு எனக்கு இன்னும் டவுட்டு.

உங்களுக்கு பத்து புதிரும் ஒரு மெட்டாவும் போதும். மெட்டாவை முதல்ல எழுதுங்க, அதுக்கு ஏத்த மாதிரிதான் மத்த விடைங்களை முடிவு பண்ணணும். அப்புறம் எதுவுமே தெரியாத ரெண்டு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட குடுத்து போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அவங்க ரெண்டு மணி நேரம் முழிச்சாங்கன்னா தப்பு புதிர்லதான், அவங்க மேல இல்ல.