ஜெரேனியம் ஆண்டுதோறும் துளிர்க்கும் என்கிறார்களே, என் செடி ஏன் ஒரு பனிக்காலம்கூடத் தாங்கவில்லை? இதை எப்படித்தான் வளர்ப்பது?

பந்து பந்தாகச் சிவப்புப் பூ, சதைப்பிடிப்பான தண்டு, வட்ட இலையில் கருவளையம், முதல் உறைபனி விழுந்த மறுநாளே செடி கறுத்துக் குழைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். "நான் என்ன தப்பு செய்தேன்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தப்பும் செய்யவில்லை. உங்களிடம் இருந்தது ஜெரேனியமே அல்ல, பெலர்கோனியம்.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு வயது 250க்கு மேல். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இரண்டையும் ஜெரேனியம் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே 1789இல் பெலர்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார். அதற்குள் பழைய பெயர் எல்லார் வாயிலும் ஊறிவிட்டது, தொட்டிச் செடிகளின் பெயரட்டையில் இன்றும் அதுதான் இருக்கிறது. கிரேக்கத்தில் கெரானோஸ் என்றால் கொக்கு, பெலார்கோஸ் என்றால் நாரை. இரண்டின் காயும் பறவையின் அலகுபோல நீண்டிருப்பதால் வந்த பெயர்கள். பெலர்கோனியங்களில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவை, உறைபனி அவற்றுக்கு ஆகாது. குளிர் தாங்கும் ஜெரேனியம் அப்படியல்ல. பனிக்காலத்தில் மண்ணுக்கு மேலே காய்ந்துபோனாலும் வேர்த்தண்டு உயிரோடு இருக்கும், வசந்தத்தில் அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். மாக்ரோரைசம் என்ற இனம் மைனஸ் 30 டிகிரியிலும் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை வாங்கும்போது பூவை உற்றுப் பாருங்கள். ஜெரேனியத்தில் ஐந்து இதழும் ஒரே அளவில், சக்கரம்போல விரிந்திருக்கும். பெலர்கோனியத்தில் மேல் இரண்டு இதழ் ஒரு மாதிரி, கீழ் மூன்று வேறு மாதிரி. அடுக்குப் பூவாக இருந்தால் இது தெரியாது, அப்போது தண்டைத் தொட்டுப் பாருங்கள். தடித்து, சாறு நிறைந்திருந்தால் அது உங்கள் பழைய செடியின் உறவு.

எங்கே நடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. ஜெரேனியம் பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. "ஜெரேனியத்துக்கு வெயில் வேண்டுமா, நிழல் வேண்டுமா" என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. முதலில் உங்கள் இடத்தைப் பாருங்கள், பிறகு அதற்கேற்ற இனத்தைத் தேடுங்கள். என் தோட்டத்தில் ஒரு பெரிய மரத்தடி இருக்கிறது. மண்ணின் ஈரத்தையெல்லாம் வேர்களே குடித்துவிடும், வெயிலும் எட்டாது. அங்கே மூன்று விதமான செடிகளை வைத்து மூன்றையும் இழந்த பிறகு மாக்ரோரைசத்தை நட்டேன். முதல் ஆண்டு மட்டும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் ஆண்டில் ஒன்றோடொன்று கைகோத்துத் தரையை மூடிவிட்டன, களைக்கு இடமே இல்லை. இலையைக் கசக்கினால் பிசின் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே களை பிடுங்கும் சாக்கில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் இருந்தால் சாங்குனியம் என்ற இனம். ஈரமான நிழலுக்கு ஃபேயம், கறுப்புக்குப் பக்கத்தில் போகும் ஊதா நிறப் பூ. பாதையோரத்தில் தாழ்வாகப் படர பயோகோவோ, குரோவேசியாவில் அதே பெயருள்ள மலைத்தொடரில் கண்டெடுத்த வகை.

ரோசான் என்ற வகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இமயமலைப் பகுதியைச் சேர்ந்த இரண்டு இனங்களின் கலப்பு இது. இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தானாக உருவாகி, 2000இல் விற்பனைக்கு வந்தது. விதை கட்டாது. விதைக்குச் செலவிட வேண்டிய தெம்பெல்லாம் பூவுக்கே போவதால், கோடைத் தொடக்கத்தில் ஆரம்பித்தால் உறைபனி விழும்வரை வெண்மையான நடுவோடு நீலப் பூ பூத்துக்கொண்டே இருக்கும். ஒரு செடி முக்கால் மீட்டருக்கு மேல் பரவும், நெருக்கி நடாதீர்கள். மற்றவற்றுக்கு 40 செ.மீ. இடைவெளி பொதுவாகப் போதும்.

நடுவது எளிது. வேர்ப் பந்தைவிடச் சற்றுப் பெரிய குழி, மக்கிய இலையுரம், தண்டும் வேரும் சேரும் கழுத்து மண் மட்டத்தில். மாக்ரோரைசத்தின் தடித்த தண்டை மட்டும் கொஞ்சம் உள்ளே புதைக்கலாம், அங்கிருந்தே வேர் விடும். கூடுதல் உரம் போடாதீர்கள். போட்டால் இலை கொழுக்கும், பூ குறையும், தண்டு சாயும்.

பெரும்பாலோர் செய்யத் தயங்குவது ஒரு காரியம்தான்: வெட்டுவது. நானும் பல ஆண்டு தயங்கினேன். கோடையின் நடுவில் முதல் பூ அலை முடிந்ததும் செடி நடுவில் பிளந்து, நாலாபுறமும் சாய்ந்து, பழுத்த இலையோடு பரிதாபமாக நிற்கும். பச்சையாக இருப்பதை வெட்ட மனம் வராமல் காய்ந்த பூவை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பிரடென்ஸ் என்ற இனத்துச் செடி ஒன்றைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் விட்டு மொத்தமாக அரிந்தேன். நன்றாகத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் நடுவிலிருந்து புத்தம்புது இலைகள் குவியலாக எழுந்தன. அதைப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை. கோடைக் கடைசியில் இரண்டாம் முறை கொஞ்சம் பூவும் வந்தது. எல்லா இனமும் இரண்டாம் முறை பூக்காது, ஆனால் புது இலை வரும், அதுவே போதும். கடும் வறட்சியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மாக்ரோரைசத்துக்கும் பயோகோவோவுக்கும் இந்த வெட்டு தேவையில்லை, பூத்தண்டை எடுத்தால் போதும்.

இந்த வெட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பிரடென்ஸ் விதை முற்றினால் கொக்கின் அலகுபோன்ற காயின் ஐந்து கீற்றுகளும் வில்போலச் சுருண்டு, விதையைத் தூர வீசிவிடும். அடுத்த வசந்தத்தில் எதிர்பாராத இடமெல்லாம் நாற்று. வேண்டாமென்றால் விதை முற்றுமுன் அரிந்துவிடுங்கள். ஒரு தண்டையாவது விட்டுவைத்து அந்த விசையைப் பாருங்கள் என்பேன்.

மூன்று நாலு ஆண்டில் நடுப்பகுதி மரம்போல இறுகி, பூ ஓரத்துக்கு ஒதுங்கும். வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ தூரைத் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் வேரும் மொட்டும் இருக்கும்படி பிரித்து நடுங்கள், இறுகிய நடுவை எறிந்துவிடுங்கள். மான், முயல் பெரும்பாலும் இவற்றைத் தொடாது. சாம்பல் நோய் வந்த இலையை வெட்டி அகற்றினால் போதும். நன்றாக இருந்த செடி திடீரென வாடி, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தால், மண்ணில் கூன்வண்டுப் புழு இருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள்.

பெலர்கோனியத்தையும் கைவிட வேண்டாம். அடுத்த ஆண்டு வாங்கினால், குளிர் தொடங்குமுன் கணுவுக்குக் கீழே 8 செ.மீ. நீளத்தில் சில தண்டுகளை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, சில மணி நேரம் வெட்டுவாயை உலரவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் அழுகிவிடும். உறைபனி எட்டாத, வெளிச்சமான ஜன்னலோரத்தில் வைத்து, மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். வசந்தத்தில் உறைபனி நின்றதும் வெளியே எடுத்து வைக்கலாம்.